மேஜை மேல் ஏறிய சுவிஸ் முதலை

பொம்மை ரயில் பைத்தியங்கள் (மரியாதையாகத்தான் சொல்கிறேன்) 'முதலை' என்றால் அது ஓர் இன்ஜின். சுவிஸ் ரயில்வேயின் சரக்கு இன்ஜின்.

சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது. முதல் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து சுருங்கியதும் ரயில்கள் திண்டாடின. ஆனால் மலைத் தண்ணீர் தாராளம். அதில் மின்சாரம் எடுத்து, 1920-இல் கோத்தார்டு மலைப்பாதையில் மின்ரயில் ஓட்ட ஆரம்பித்தார்கள். 15 கிலோமீட்டர் சுரங்கம்; அதற்கு ஏறிப்போகும் வழியெல்லாம் வளைவு. வாசன் என்ற ஊரின் தேவாலயம் ரயிலில் போகிறவர் கண்ணுக்கு மூன்று முறை வரும், மூன்று வேறு உயரங்களில்!

அந்தப் பாதைக்குப் பிறந்ததுதான் முதலை. கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம், 128 டன் எடை. அன்றைய மோட்டார்கள் பெரிசு. சக்கரங்களுக்கு நடுவே அடங்காது. அதனால் முன்னும் பின்னும் இரண்டு நீள மூக்குகள் வைத்து, மோட்டார்களை அதில் ஏற்றி, கம்பிகளால் சக்கரங்களைச் சுழற்றினார்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஓட்டுநரும் நடுப்பெட்டியில். மூன்று துண்டும் கீல் போட்டதுபோல் மடங்கும். வளைவில் முதலை நெளிந்து போகும்.

நமக்கும் இதில் உறவு உண்டு. பம்பாய் பக்கம் மலைத்தொடர் ஏறிய WCG-1 இதன் தம்பி. 1928 முதல் ஓடியது. முதல் சில இன்ஜின்கள் அதே விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. அதற்கு அங்கே 'கேக்டா', அதாவது நண்டு என்று பெயர். தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது.

இனி பொம்மைக்கு வருவோம். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1930-களிலேயே பெரிய அளவில் முதலையைச் செய்தது. 1947-இல் 87-இல் ஒரு பங்கு அளவில் வந்ததுதான் பெரும் புகழ் பெற்றது. கோத்தார்டின் கடும் வளைவை அதே கணக்கில் சுருக்கினால் மூன்று மீட்டருக்கு மேல் ஆரம் வரும். எந்த வீட்டு மேஜையில் இடம்? மார்க்லின் தண்டவாளத்தின் ஆரமோ வெறும் 36 சென்டிமீட்டர். அதில் திரும்பவேண்டுமே என்று பயணிகள் பெட்டிகளை நீளத்தில் குட்டையாக்கிச் செய்தார்கள். முதலையை வெட்டவேண்டிய அவசியமே வரவில்லை. மலைக்காகப் போட்ட மடிப்பு மேஜையிலும் வேலை செய்தது. இதற்காகவே மற்ற பொம்மை இன்ஜின்களைவிட இதற்கு ஒரு படி மேலே இடம் தருவேன்.

நிஜ முதலைகள் 1980-களோடு வேலையை விட்டன. பொம்மை முதலை இன்னும் புதிதாக வந்துகொண்டிருக்கிறது, பச்சையிலும் பழுப்பிலும். பழுப்புதான் அதன் பிறவி நிறம்.