பால் மறக்கும் பசுவும் பிரேசில் போன ஓங்கோலும்

எங்கள் காஞ்சன்பாக் ஏவுகணைக்குப் பேர்போன பேட்டை. இங்கே மாடு என்றால் ரோட்டில் குறுக்கே நிற்பது மட்டும்தான். ஆனாலும் வங்கிக்காரனுக்கு மாட்டோடு உறவு விடாது. கறவைமாட்டுக் கடன் ஃபைலில் ஒரு கட்டம் உண்டு: பால் வற்றிய நாட்கள். வரவு பூஜ்யம், தீவனச் செலவு மட்டும். கடன்காரர் தவணைக்குத் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

எங்கள் அம்மாயி இதை வேறு விதமாகச் செய்வார். சினைமாட்டுக்குப் பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் முதலில் நிறுத்துவார். இரண்டு வேளைக் கறவை ஒரு வேளையாகும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் மடியைத் தொடவே மாட்டார். அடுத்த கன்றுக்கு இரண்டு மாதமாவது மடி ஓய்வெடுக்க வேண்டும் என்பது கணக்கு.

சரி, பாலே கறக்காமல் இறைச்சிக்காக மாடு வளர்க்கிறவன் என்ன செய்வான்? அதற்குப் பிரேசில் போக வேண்டும். அங்கே கோடிக்கணக்கில் மேய்கிற வெள்ளை மாட்டின் பெயர் 'நெலோரி'. ஆமாம், நம்ம நெல்லூர்தான்! ஓங்கோல் மாடுதான் அது. 1904-ல் குண்டூர் மாவட்டம் பிரியும்வரை ஓங்கோல், சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. (1970-ல்தான் ஓங்கோல் தனி மாவட்டத் தலைநகர்.) 1868-ல் ஒரு ஜோடி சால்வடார் துறைமுகத்தில் இறங்கி விலைபோனதிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். 1878-ல் லெம்குருபர் என்ற பண்ணைக்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில் இதைப் பார்த்து வாங்கிப் போனார். 1962-63-ல் கடைசிப் பெரிய தொகுதி போனது. அதில் 'கர்வாடி' என்றொரு காளை. ஓங்கோல் பக்கத்துக் கிராமத்தின் பெயர்.

அங்கே கன்று ஏழெட்டு மாதம் தாயோடே திரியும். மழை தொடங்கும்போது பிறந்தது, வறட்சி தொடங்கிப் புல் குறையும்போது பிரிக்கப்படும். அன்றோடு தாய்க்குப் பால் வேலை முடிந்தது. மடி இரண்டு மூன்று நாள் கல்லாய் வீங்கும். யாரும் கறக்க மாட்டார்கள். தேங்கிய பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்திவிடும். கறந்து 'உதவி' செய்தால் மறுபடி ஊறும், வற்றுவது தள்ளிப்போகும். கன்றும் தாயும் மூன்று நாள் கத்தும். அதனால் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக விடுகிறார்கள், பார்த்துக்கொண்டிருந்தால் கதறல் குறைகிறதாம். பசு அநேகமாக அடுத்த சினையோடு இருக்கும். பாலுக்குப் போன தீனி இனி உடம்பில் ஒட்டும்.

இதில் என்ன வேடிக்கை என்றால், நம் நாட்டு மாடு கன்று முட்டாமல் பாலை இறக்காது. கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டுவார்களே, அதெல்லாம் இதற்காகத்தான். பால்காரனுக்குத் தொல்லையான அந்தக் குணம், கறவையே இல்லாத பண்ணைக்காரனுக்கு ஒரு குறையே இல்லை. ஓங்கோல் விவசாயியும் பாலுக்காக மட்டும் வளர்த்தவர் அல்ல. உழவுக்கும் வண்டிக்கும் திடமான காளை வேண்டும் என்று கன்றுக்கே பாலை விட்டார். டிராக்டர் வந்தது, அந்தக் காளைக்கு வேலை போனது.

வியாட்டினா-19 என்ற பிரேசில் நெலோரிப் பசுவின் மதிப்பு 2023-ல் 40 லட்சம் டாலரைத் தாண்டிக் கின்னஸில் ஏறியது. என் மேஜைக்கு வருகிற ஃபைல்களில் முர்ரா எருமையும் ஜெர்சிக் கலப்பும்தான். ஓங்கோல் பசு வாங்கக் கடன் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.