தலைவர் வரும்வரை பேசியவர்கள்

2024 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி. காமராஜர் மறைந்ததும் (1975) அதே தேதியில்தான் என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு டி.வி.யில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்கள் இருவர் எதிரெதிரே நின்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே அது அக்டோபர் 1, இரவு ஒன்பது மணி. ஒரு பக்கம் ஜே.டி. வான்ஸ், மறுபக்கம் டிம் வால்ஸ். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகள் கமலா ஹாரிஸ் அதிபர் பதவிக்கு நின்ற தேர்தல் ஆயிற்றே, அதனால் நானும் பார்த்தேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இவுக ரெண்டு பேருமே தலைவர் இல்லையில்ல? அப்புறம் யாருக்காக இவ்வளவு பேச்சு?" என்றார். நாற்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாருடன் வாழ்ந்தவர். கேள்வி சரியாகத்தான் வரும்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் தாய்மாமன் ஒருவர் மேடைப் பேச்சாளர். முதல் வரிசையும் இல்லை, இரண்டாம் வரிசையும் இல்லை, அதற்கும் கீழே. பகலில் உச்சிப்புளிப் பக்கம் தையற்கடை, இரவில் மேடை. கட்சியின் பெயரை இங்கே சொல்லவில்லை. எந்தக் கட்சியிலும் அவரைப் போல நூறு பேர் இருந்தார்கள்.

அவருடைய வேலை என்ன தெரியுமா? தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைப்பது. தலைவர் பரமக்குடியில் பேசி முடித்து, ராமநாதபுரத்தில் பேசி, மண்டபத்துக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கொட்டாவி விட ஆரம்பிப்பார்கள். மாமா ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, அரிசி விலையிலிருந்து ஆரம்பித்து, தனுஷ்கோடி புயல், மண்ணெண்ணெய், எதிர்க்கட்சி வேட்பாளரின் வேட்டிக் கரை என்று எங்கெங்கோ போய் வருவார். தூரத்தில் கார் விளக்கு தெரிந்ததும் பின்னாலிருந்து யாராவது அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். எந்த வாக்கியத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முடிக்காத வாக்கியம் எத்தனை ஆயிரம் இருக்கும் அவரிடம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இப்படிப்பட்ட பேச்சால் ஓட்டு விழுமா? அமெரிக்காக்காரனுக்கும் இதே சந்தேகம் உண்டு. அங்கே அதிபர் வேட்பாளர்களின் டி.வி. விவாதம் 1960-ல் கென்னடி, நிக்சனோடு ஆரம்பித்தது. துணை அதிபர் வேட்பாளர்களுக்கு 1976-ல்தான் முதல் விவாதம், மாண்டேலும் டோலும். 1988-ல் நடந்ததுதான் இன்றுவரை பேசப்படுகிறது. இளைஞரான டான் குவேல், தன் அனுபவத்தை கென்னடியின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேச, எதிரே நின்ற முதியவர் லாயிட் பென்ட்சன், கென்னடி என் நண்பர், நீங்கள் கென்னடி இல்லை என்ற அர்த்தத்தில் ஒரே போடாகப் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. அந்த மேடையில் வென்றவர் பென்ட்சன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடுத்த மாதம் தேர்தல். 50 மாநிலங்களில் 40-ஐ குவேல் கட்சி வென்றது. குவேல் துணை அதிபர் ஆனார்.

2008-ல் இன்னும் வேடிக்கை. சாரா பேலினும் ஜோ பைடனும் மோதிய விவாதத்தை ஏறக்குறைய 7 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு அதிபர் வேட்பாளர்கள் நடத்திய மூன்று விவாதங்களில் எதற்கும் அத்தனை கூட்டம் இல்லை. ஆனால் பேலினைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் பேலினுக்கு ஓட்டுப் போடவில்லை. 2020 விவாதத்தில் கமலாவும் மைக் பென்ஸும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பென்ஸின் வெள்ளைத் தலையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நம் நாட்டில் துணை ஜனாதிபதியை எம்.பி.க்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுமக்களுக்கு அதில் வேலை இல்லை, ஆகவே விவாதமும் இல்லை. ஆனால் பேச்சுக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவைப் பார்க்க நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1985-ல் மூன்றாகப் பிரியும் முன் விருதுநகரும் சிவகங்கையும் காரைக்குடியும் நம்மோடுதான் இருந்தன. பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன குன்றக்குடி அடிகளாரும் நம் மாவட்டத்துக்காரரே. ஒரு பக்கத்து வாதத்தைக் கேட்டுக் கைதட்டி, மறுபக்கத்து வாதத்துக்கும் அதே அளவு கைதட்டிவிட்டு, நடுவர் தீர்ப்பு என்னவாக இருந்தாலும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற ஜனம் நாம்.

இதற்கு மாறாக ஒரு சாட்சியும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜாவை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். ஒரு பக்கம் அரண்மனை, நிலம், பட்டம்; மறுபக்கம் இருபத்தெட்டு வயது இளைஞர். தேவர் வென்றார். அவர் பெரிய பேச்சாளர் என்பது உலகறிந்தது. அப்போது ஓட்டுரிமை எல்லோருக்கும் கிடையாது. சொத்தும் படிப்பும் பார்த்துக் கொடுத்த காலம். அப்படிப்பட்ட வாக்காளர்களே ராஜாவுக்கு எதிராகப் போட்டார்கள் என்றால் பேச்சுக்கு ஒரு சக்தி இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வெறும் பேச்சா அது? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்துக்கொண்டிருந்த மக்களிடையே அதை எதிர்த்து வேலை செய்தவர் அவர். வேலை முன்னே போக, பேச்சு பின்னே போனது என்பது என் எண்ணம். தோற்ற சேதுபதியும் சும்மா போய்விடவில்லை. எல்லோருக்கும் ஓட்டு வந்த 1952 தேர்தலில் அவரே ராமநாதபுரம் தொகுதியில் வென்றார்.

பேச்சே வெல்லும் என்றால் அண்ணா தோற்றிருக்கக் கூடாது. 1962-ல் காஞ்சிபுரத்தில், தன் சொந்த ஊரில், பஸ் முதலாளி நடேச முதலியாரிடம் அவர் தோற்றார். அந்த வருடம் வென்றது "ஆகட்டும் பார்க்கலாம்" என்று நாலு வார்த்தைக்கு மேல் பேசாத காமராஜரின் கட்சி. அண்ணா தோற்றாலும் அவர் கட்சி 50 இடங்களைப் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஐம்பதுக்குள் என் மாமாவைப் போன்றவர்களின் தொண்டை எவ்வளவு என்று யார் அளப்பது?

ஐந்து வருடம் கழித்து 1967-ல் காமராஜரே விருதுநகரில் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. எனக்கு அப்போது ஓட்டு வயது இல்லை. ஆனால் அரிசிக்காக வரிசையில் நின்ற வயது. இந்தித் திணிப்பு எதிர்ப்பு 1965-ல் பள்ளி, கல்லூரிகளைக் கொதிக்க வைத்திருந்தது. கூப்பன் கடையில் பையுடன் நின்றவளுக்கு மேடையில் யார் நன்றாக வாதாடினார் என்பது முக்கியமில்லை. பேச்சாளன் சொன்னது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். அவள் வயிற்றில் இருந்ததை அவன் வாயால் சொன்னான், அவ்வளவுதான்.

அதே தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். ஜனவரி 12-ல் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்தப் படம் போஸ்டராக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்தார். 1984-ல் மறுபடியும். இம்முறை அவர் நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில். வேட்பாளராக நின்றது ஆண்டிபட்டி. அந்த டிசம்பர் 24-ஆம் தேதி ஒரு கடலோரச் சிற்றூரில் எனக்குத் தேர்தல் வேலை. முந்தின வாரம்தான் அந்த ஊரில் டி.வி. பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து, அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் போட்டுக் காட்டியிருந்தார்கள். விரலில் மை வைக்க வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரு, அவரு உசுரோடதான இருக்காரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் பிரசாரம். பேசாமல் இருந்தேன். அவளோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, தைரியம் வந்தவள் போல மறைப்புக்குப் பின்னால் போனாள். 132 இடங்கள் கிடைத்தன அவர் கட்சிக்கு. முழுத் தேர்தலையும் இரண்டாம் வரிசையினர் ஓடி ஓடிப் பேசி நடத்தினார்கள். ஜனங்கள் பார்த்ததோ ஓசையில்லாமல் சிரித்த அந்த முகத்தை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இரண்டாமவர் தனியாக நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நம் ராமநாதபுரத்திலேயே நடந்தது. மூன்று முறை முதல்வராகவும், நான்கு வருடம் துணை முதல்வராகவும் இருந்த ஓ. பன்னீர்செல்வம், இரட்டை இலை இல்லாமல் சுயேச்சையாக பா.ஜ.க. கூட்டணியின் ஆதரவோடு நின்றார். கிடைத்த சின்னம் பலாப்பழம். போதாததற்கு அவர் பெயரிலேயே இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் வேட்பாளர் பட்டியலில். கச்சத்தீவை 1974-ல் கொடுத்த கதையை அந்தத் தேர்தலில் பிரதமரே எடுத்துப் பேசினார். மேடைக்கு மேடை கச்சத்தீவு. எங்கள் தெரு டீக்கடையில், கச்சத்தீவைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி 1,66,782 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். பன்னீர்செல்வத்துக்கு 3,42,882. இரட்டை இலை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாமல் மூன்றாம் இடம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். இத்தனை பதவி வகித்தவரே தோற்றார், இரண்டாமவரை நம்பி யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று சொல்லலாம். ஒரே மாதத்தில் அறிமுகமான சின்னத்தில், அதே பெயரில் ஐந்து பேரைத் தாண்டி, பழைய சின்னத்தைப் பின்னே தள்ளினாரே என்றும் சொல்லலாம். சாதிக் கணக்கும் கூட்டணிக் கணக்கும் இதில் எவ்வளவு என்பது டீக்கடையில் தீராத வழக்கு. ஆனால் ஒன்று. கச்சத்தீவைப் பற்றி அத்தனை பேச்சு கேட்ட பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களிடம் கேட்டால், பேச்சில் யார் கெட்டி என்று சொல்ல மாட்டார்கள். பிடிபட்ட படகு எத்தனை, யாருடைய மகன் இன்னும் அங்கே ஜெயிலில் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய ஓட்டு அந்தக் கணக்கில் எப்போதோ முடிவாகியிருக்கும்.

அப்படியானால் இந்தப் பேச்செல்லாம் வீணா? என் மனைவியிடம் அன்று நான் சொன்ன பதில் இது: ஓட்டுப் போடுகிறவன் மாறுவதில்லை, ஓட்டுக்கு வேலை செய்கிறவன் மாறுகிறான். தேர்தல் வேலைக்குப் போன எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே பட்டியலும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை எழாமல் இருக்கும் ஏஜென்ட் பையன்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்ல. முந்தின வாரம் மணலில் உட்கார்ந்து யாரோ ஒரு மூன்றாம் வரிசைப் பேச்சாளன் சொன்னதைக் கேட்டுச் சூடேறியவர்கள். நடக்க முடியாத கிழவியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் அவர்களே. பென்ட்சனின் ஒரே வரியைக் கேட்டு அவர் கட்சித் தொண்டர்கள் அன்று இரவு எப்படித் துள்ளியிருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அது போதாமல் போனது வேறு விஷயம்.

மனைவி இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒங்க மாமாவுக்காகச் சொல்றீக" என்றார். இருக்கலாம்.

மாமா 1996 தேர்தலுக்குப் பிறகு படுத்துவிட்டார். தொண்டையில்தான் நோய். குரல் காற்றாகத்தான் வரும். ஒரு சாயங்காலம் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்தில் உட்காரச் சொல்லி, "மாப்ள, நீ ஓட்டு எண்ணுற எடத்துல இருந்தவன். ஒண்ணு கேக்குறேன். நான் பேசுன ஊருல, பேசாத ஊரைவிட ஒரு ஓட்டாவது கூட விழுந்துருக்கா?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அந்தக் காலத்தில் மெஷின் இல்லை. பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணி, 25, 25 ஆகக் கட்டி, எல்லா ஊர்க் கட்டுகளையும் ஒரு பெரிய டிரம்மில் போட்டுக் கலக்கிவிடுவோம். அதற்குப் பிறகு மேசைக்கு ஆயிரமாகக் கொடுத்துத்தான் யாருக்கு எத்தனை என்று பிரிப்பது. எந்தச் சீட்டு எந்த ஊர் என்று எண்ணுகிறவனுக்கே தெரியாது.

"கலக்கிருவீகளா?" என்றார்.

"ஆமா மாமா. ஊர்வாரியாத் தெரியாது."

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டி, "அப்ப விழுந்துருக்கும்" என்றார்.