நாஞ்சில் நாட்டில் துன்பத்தைச் சொன்ன ஆங்கிலச் சொற்கள்

நோயையும் மனவேதனையையும் ஆங்கிலச் சொற்களால் கூறும் வழக்கம் தமிழகமெங்கும் உள்ளதெனினும், நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தில் அதன் பின்புலத்தில் மிஷன் மருத்துவத்தின் நீண்ட வரலாறு உண்டு. லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடியில் பணி தொடங்க, அச்சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணிக்கு அடியிட்டார். 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் பணியாற்றினார். நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஆங்கிலக் கல்வியைப் பரப்பியதால், மருத்துவமனைச் சொற்கள் வீட்டுப் பேச்சில் கலப்பதற்கு ஏற்ற சூழல் உருவாயிற்று.

இச்சொற்கள் பேச்சில் பொருள் குறுகியும் விரிந்தும் வழங்கின. தாக்குதலைக் குறிக்கும் ‘அட்டாக்’ மாரடைப்பாகவும், அழுத்தத்தைக் குறிக்கும் ‘பிரஷர்’ உயர் இரத்த அழுத்தமாகவும் சுருங்கின. விறைப்பைக் குறிக்கும் ‘டென்ஷன்’ கடன், தேர்வு, குடும்பச் சச்சரவு முதலிய எல்லா மனநெருக்கடிக்கும் பொதுப்பெயராக விரிந்தது. மரணத் தறுவாயில் இருப்பதை ‘சீரியஸ்’ என்ற ஒரு சொல் உணர்த்தியது.

அமங்கலமானதை மங்கலச் சொல்லால் கூறுவதைத் தமிழிலக்கணம் மங்கலம் என்னும் தகுதி வழக்காக வகுத்து, இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதை அதற்கு எடுத்துக்காட்டும். அயற்சொல் தாய்மொழிச் சொல்லின் நேரடி வலியைத் தணிப்பதால், ‘புற்றுநோய்’ என்னத் தயங்குவோர் ‘கேன்சர்’ என்பதும் அவ்வழக்கின் அண்மைக்கால வடிவமாகக் கொள்ளத்தக்கது.