நாணயத்தில் வடுவும் வரலாறும்

இலக்கியங்களும் சாசனங்களும் மௌனஞ் சாதிக்குமிடத்து, வரலாற்றாசிரியனுக்கு நாணயங்களே பெரும்பாலுஞ் சான்றாக அமைகின்றன. ஆயின், சாசனத்தைப் போன்றே நாணயத்தையும் முதலிற் பிழையற வாசித்தல் வேண்டும். நாணயமொன்றின் மேற்பரப்பிலே காணப்படும் குறிகள் யாவும் ஒரே காலத்தில் ஏற்பட்டவையல்ல. சில அக்கசாலையில் உண்டானவை. சில கைமாறிப் புழங்கியபோது ஏற்பட்டவை. வேறு சில மண்ணுட் கிடந்த காலத்திலோ, கண்டெடுக்கப்பட்ட பின்னரோ நேர்ந்தவை. இவற்றைப் பிரித்தறியாது தரம் மதிப்பிடுவோர் நாணயத்தின் விலையில் மட்டுமன்றி, அதன் வரலாற்றிலும் தவறிழைப்பர்.

பழைய முறையில், உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தே நாணயம் ஆக்கப்பட்டது. அச்சிலே வெடிப்பு ஏற்படின், உலோகம் அதனுட் புகுந்து நாணயத்தில் மேடான கோடாகத் தோன்றும். புழக்கத்தில் ஏற்பட்ட கீறலோ பள்ளமாக அமையும். ஒதுக்கப்பட்ட உலோகம் அதன் ஓரத்திற் சிறு வரம்பாக நிற்கும். அன்றியும், அச்சின் குறை அதே அச்சிற் பின்னர் அடிக்கப்பட்ட நாணயங்களிலும் காணப்படும். தற்செயலாக நேர்ந்த சேதம் அந்த ஒரு நாணயத்துக்கே உரியது.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டனவாகக் கொள்ளப்படும் சேது நாணயங்களை நோக்குவோம். அவற்றின் ஒரு புறத்தில் நிற்கும் மனித உருவமும், மறுபுறத்தில் நந்தியும் 'சேது' என்னும் மொழியும் உள. சிலவற்றில் அம்மொழி முழுமையாகக் காணப்படுவதில்லை. உடனே அதனைத் தேய்வு எனக் கூறுதல் பொருந்தாது. தேய்வு மேடான பாகங்களையே முதலிற் பற்றும். நந்தியின் திமில் கூர்மை குன்றாதிருக்க எழுத்து மாத்திரம் இல்லையெனின், அடி மையம் விலகியமையால் எழுத்து வில்லையில் விழவேயில்லை எனக் கொள்ளல் வேண்டும். அது அக்கசாலையின் குறையேயன்றிப் புழக்கத்தின் விளைவன்று.

இலங்கையிலும் இந்தியாவிலும் கிடைக்கும் வெள்ளி அச்சுக்குத்திய நாணயங்கள் இன்னும் நுணுக்கமான படிப்பினையைத் தருகின்றன. இவற்றிலே குறிகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே குத்தப்பட்டமையால், அக்கசாலை முத்திரையே பள்ளமாகத் தோன்றும். மூலைகள் வெட்டப்பட்டிருத்தலும் பெரும்பாலும் சேதமன்று. எடையைச் சரிசெய்யும் பொருட்டு ஆக்கும்போதே செய்யப்பட்டதாகும். முன்புறத்தின் பெரிய குறிகளுக்குப் புறம்பாகப் பின்புறத்திலே பல சிறு குறிகளும் உள. இவை வெறும் வடுக்களோ என ஐயுற இடமுண்டு.

கணித அறிஞரான டி. டி. கோசாம்பி, தட்சசீலத்தில் 1924இற் கிடைத்த புதையலின் நாணயங்களது எடைகளை 1940களின் தொடக்கத்திற் கணிதமுறையில் ஆராய்ந்தார். பின்புறக் குறிகளின் தொகை பெருகப் பெருக, நாணயத்தின் சராசரி எடை ஒழுங்காகக் குறைந்து செல்வதை அவர் கண்டார். நெடுங்காலம் புழங்கிய நாணயமே கூடுதலாகத் தேயும். ஆகவே இக்குறிகள் புழக்கத்தின்போது காலத்துக்குக் காலம் இடப்பட்டன என்பது பெறப்பட்டது. வடுவென ஒதுக்கத்தக்கவை காலக்கணக்காக மாறின.

அப்புதையலில் அலெக்சாந்தரின் நாணயங்கள் இரண்டும், அவனுக்குப் பின் ஆண்ட பிலிப்பு அரிதேயசின் நாணயமொன்றும் புதுமை மாறாதிருந்தன. எனவே புதையல் கி. மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் மறைக்கப்பட்டதாகலாம். அதனுள்ளே தேய்ந்தும் பல குறிகள் பெற்றும் கிடந்த இந்திய நாணயங்கள் அதற்கு மிக முன்னரே வழங்கியவை. கிரேக்கரிடமிருந்தே இந்தியர் நாணயமடிக்கக் கற்றனர் என்னும் கருத்துக்கு இது தக்க மறுப்பாகும். ஒருபால் தேய்வின்மையும் மறுபால் தேய்வுமே இம்முடிவுக்குச் சான்றாயின.

இத்தகைய சான்றினை அழிப்பது காலம் மட்டுமன்று. பழைய நாணயத்தைப் புளியிட்டு விளக்கி அல்லது அமிலத்திலிட்டுப் பளபளப்பாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் மேற்பரப்பின் நுண்குறிகள் மறைவதோடு எடையுங் குறைகின்றது. கோசாம்பி கண்ட முடிவு, கிராமின் சிறு பின்னங்களில் தங்கியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே நாணயமொன்றைக் கையிலெடுப்போர், அதன் வடு குறையா அன்றா என வினவுமுன், அது எப்போது ஏற்பட்டது என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை காணும்வரை அதனைத் துலக்காதிருத்தலே வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகும்.