சவானா: ஒரு தீவுச் சொல்லும் மூன்று தலைநகர்த் திடல்களும்

கரீபியன் தலைநகர் ஒன்றுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கோட்டை, தேவாலயம், பழைய சந்தை, ரம் வடிக்கும் ஆலை, கடைசியில் கடற்கரை. இவற்றில் எதையும் விடச் சொல்லமாட்டேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டணமோ கதவோ இல்லாததாலேயே அது பட்டியலில் அடியில் கிடக்கிறது. போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் பிரிட்ஜ்டவுனிலும் அதைச் சவானா என்கிறார்கள், ஃபோர்-த-பிரான்ஸில் சவான். நம் பள்ளிப் புவியியல் புத்தகம் படித்தவர்களுக்குச் சவானா என்றதும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும்: ஆளுயரப் புல், குடை விரித்த வேல மரம், ஒட்டகச்சிவிங்கி. அந்தச் சொல் ஆப்பிரிக்காவுக்குப் பிற்காலத்தில்தான் போய்ச் சேர்ந்தது. பிறந்தது கரீபியன் தீவுகளில். பிறந்த இடத்தில் அது இன்று ஒரு நிலவகையின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஊர் தனக்கென்று வெறுமையாக வைத்துக்கொண்ட நிலத்தின் பெயராக, ஏறத்தாழ ஒரு பொது உரிமையின் பெயராக ஆகியிருக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தத் தலைநகரங்களின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும் என்பது என் துணிபு.

1492இல் கொலம்பஸ் வந்து இறங்கியபோது பஹாமாஸ், கியூபா, ஹிஸ்பானியோலா, புவெர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா ஆகிய தீவுகளில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தாயினோ மக்கள். கட்டாய உழைப்பும் அம்மையும் பஞ்சமும் சேர்ந்து இரண்டு தலைமுறைக்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றன. அவர்களுடைய மொழி பேச்சிலிருந்து மறைந்தது. சொற்கள் மட்டும் வென்றவர்களின் வாயில் தங்கின. கனூ, ஹம்மக், பார்பிக்யூ எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஹரிக்கேனும் அப்படியே. நம் ஊர்த் திண்ணைகளில் எரிந்த அரிக்கேன் விளக்கின் பெயரில் ஒரு தாயினோச் சொல் ஒளிந்திருப்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்த வரிசையில் சபனா என்பதும் ஒன்று. ஸ்பானியர் முதலில் அதைச் சவனா என்று எழுதினார்கள். ஸ்பானிய அரசவையில் இருந்த இத்தாலியர் பீட்டர் மார்ட்டிர் எழுதிய புதுவுலக வரலாற்றை ரிச்சர்ட் ஈடன் 1555இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இச்சொல் தலைகாட்டியது அங்கேதான். இன்றைய பனாமாவில் இருந்த ஒரு சமவெளியின் பெயராக. ஆகத் தீவில் கேட்ட சொல்லைப் பெருநிலத்துக்கும் கொண்டுபோய் ஒட்டும் வழக்கம் அந்த நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

சொல்லின் பொருளுக்குத் தெளிவான சாட்சி ஒவியேடோ. சாந்தோ டொமிங்கோவின் ஒசாமா கோட்டைக்குத் தலைவராக இருந்த கோன்சாலோ ஃபெர்னாண்டஸ் தே ஒவியேடோ, 1535இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் சவனாவுக்கு விளக்கம் தருகிறார்: மரங்கள் இல்லாமல், உயரமாகவோ குட்டையாகவோ புல் மண்டிய நிலம். 1502இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் கட்டி இன்றும் நிற்கும் கோட்டைகளுள் மிகப் பழையது. இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒவியேடோவின் சிலை அங்கேதான் நிற்கிறது. சாந்தோ டொமிங்கோ போகிறவர்கள் அவரைப் பீரங்கிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு படைத்தலைவராக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அழிந்துகொண்டிருந்த ஒரு மக்களின் சொற்களையும் பொருள்களையும் பயிர்களையும் எழுதிவைத்தவர் அவர். அந்த மக்களைப் பற்றி அவர் எழுதியவை பெரும்பாலும் இரக்கமற்றவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தும் அவர் எழுதியிராவிட்டால் நம் கையில் இருக்கும் சான்று இன்னும் மெலிந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்பானிய மொழியில் படுக்கை விரிப்புக்கும் சாபனா என்றுதானே பெயர். விரித்த துணிபோலத் தட்டையான நிலத்துக்கு அந்தப் பெயரே வந்திருக்கலாமே என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. விரிப்பைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். நிலத்தைக் குறிக்கும் சொல்லில் அது இரண்டாம் அசையில் விழும். அதைவிட வலுவானது எழுத்துச் சான்று. விரிப்பைக் குறிக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதை எப்போதும் சாதாரண ஸகரத்தில்தான் எழுதினார்கள். நிலத்தைக் குறிக்கும் சொல்லைத் தொடக்கத்தில் வாலிட்ட சகரத்தில் எழுதினார்கள். அன்று அந்த எழுத்துக்கு ஒலியே வேறு, ஏறத்தாழ ‘த்ஸ’. ஒரே சொல்லாக இருந்திருந்தால் எழுதியவர்கள் இரண்டு எழுத்துகளைத் தேடியிருக்கமாட்டார்கள். தம் நாட்டு வாசகர் நாள்தோறும் படுத்துறங்கும் விரிப்பின் பெயராக இருந்திருந்தால் ஒவியேடோ உட்கார்ந்து விளக்கம் எழுதியிருக்கவும் வேண்டியதில்லை. இதே எச்சரிக்கையோடுதான் மற்ற ஒப்புமைகளையும் அணுக வேண்டும். ஹவானா நகரின் பெயரே சபனாவின் திரிபு என்று ஒரு கருத்து உண்டு. ஹபகுவானெக்ஸ் என்ற குறுநிலத் தலைவரின் பெயர் அது என்பார் கருத்துக்கே ஆதரவு மிகுதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரத்துக்கு ஷானி இனமக்களின் வேறு பெயரிலிருந்து பெயர் வந்திருக்கலாம். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடினால் சொல்லாராய்ச்சி கெட்டுவிடும்.

அறிவியலின் கைக்குப் போனபோது இச்சொல்லின் பொருள் ஏறக்குறையத் தலைகீழானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரப் புவியியலாளர்கள் வெப்பமண்டலத்துப் புல்வெளிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் தேடினார்கள். புல்லுக்கு இடையே மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் நிலத்துக்குச் சவானா என்ற பெயர் நிலைபெற்றது. மரமே இல்லாத நிலம் என்று ஒவியேடோ சொன்னதற்கு இது நேர்மாறு. நம் பாடநூல் தருவது இந்தப் பிற்காலப் பொருள். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். துறைக்குத் துறை சொல்லுக்குப் பொருள் மாறுவது இயல்பு. அதுவே மூலப்பொருள் என்று நினைப்பதுதான் பிழை.

இனி மூன்றாவது பொருளுக்கு வருவோம். டிரினிடாடில் ஒருவர் சவானாவுக்குப் போகிறேன் என்றால் காட்டுப் புல்வெளிக்குப் போகிறார் என்று யாரும் எண்ணமாட்டார்கள். விளையாடவோ நடக்கவோ காற்று வாங்கவோ போகிறார் என்றே பொருள். அரங்கெஸ் சவானா, ஆரஞ்சு குரோவ் சவானா என்று ஊர்தோறும் சவானா உண்டு. தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அடைமொழி இல்லாமல் சவானா என்றால் அது குயின்ஸ் பார்க் சவானா ஒன்றுதான்: சுமார் 260 ஏக்கர். சுற்றிவர மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றிலும் வாகனங்கள் ஒரே திசையில் ஓடுவதால் உலகின் மிகப் பெரிய ரவுண்டானா இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். இது இயற்கைப் புல்வெளி இல்லை என்பதை முதலில் பதித்துக்கொள்ள வேண்டும். பெஷியர் என்ற பிரெஞ்சு மொழிக் குடும்பத்தின் கரும்புத் தோட்டம் இது, பெயர் பாரடைஸ். அடிமைகளின் உழைப்பில் விளைந்த தோட்டத்துக்குச் சொர்க்கம் என்று பெயர் வைத்தவர்களின் மனத்தை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. 1797இல் தீவு ஸ்பெயினின் கையிலிருந்து பிரிட்டனின் கைக்குப் போனது. 1808இல் பெருந்தீ ஒன்று நகரத்தின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. 1813 முதல் 1828 வரை ஆளுநராக இருந்த ரால்ஃப் உட்ஃபோர்ட் 1817இல் இந்தத் தோட்டத்தை வாங்கி, நகரத்தார் மாடு மேய்க்கவும் பொழுதுபோக்கவும் விட்டார். தங்கள் இடுகாட்டை மட்டும் குடும்பத்தார் விற்கவில்லை. சுற்றுச்சுவரோடு அது இன்றும் திடலின் நடுவே இருக்கிறது. நடக்கிறவர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அது. இந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பதற்கு அங்கே எஞ்சிய சான்று அந்தச் சுவர்தான்.

கரும்பு போய்ப் புல் வந்ததும் அந்த நிலத்துக்குச் சவானா என்ற பெயர் பொருந்திவிட்டது. ஒவியேடோவின் விளக்கம்கூட அப்படியே பொருந்துகிறது: மரமில்லாத, புல் உள்ள வெளி. வேறுபாடு ஒன்றுதான்: இந்த வெறுமை மனிதர்கள் முடிவெடுத்து உண்டாக்கியது, அதனால் அதைக் காக்கவும் மனிதர்களே வேண்டும். அடுத்த இருநூறு ஆண்டுகள் அந்த வெளியில் நடந்தவற்றைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய குதிரைப் பந்தயம் 1990களின் தொடக்கம்வரை ஓடியது. 1913 ஜனவரியில் ஃபிராங்க் போலண்ட் என்ற விமானி இங்கே விழுந்து இறந்தார். 1896இல் வெள்ளையர் நிறைந்த குயின்ஸ் பார்க் கிரிக்கெட் சங்கம் தனக்கென்று ஓவல் மைதானத்தை அமைத்துக்கொண்டு வெளியேறிவிட, மற்றச் சங்கங்கள் சவானாவிலேயே ஆடின. நிறத்துக்கும் வகுப்புக்கும் ஏற்ப அந்தச் சங்கங்கள் எப்படிப் பிரிந்து நின்றன என்பதை சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘பியாண்ட் எ பவுண்டரி’யில் விரிவாக எழுதியிருக்கிறார். அதே 1963இல்தான் பனோரமா என்ற ஸ்டீல்பேண்ட் போட்டி தொடங்கியது. தகர டிரம்மைத் தட்டித் தட்டிச் சுரம் பிறப்பித்த ஏழைக் குடியிருப்பு இளைஞர்களை ஒருகாலத்தில் காவலர் விரட்டினார்கள். அவர்களுடைய இசை நாட்டின் பெருந்திடலில் அரங்கேறியது.

திடலின் மேற்குக் கரையில் ‘மேக்னிஃபிசன்ட் செவன்’ என்று சொல்லப்படும் ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்தவை. அவற்றுள் மணிக்கூண்டோடு நிற்பது குயின்ஸ் ராயல் கல்லூரி. ஜேம்ஸும் நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸும் வி. எஸ். நைபாலும் படித்த பள்ளி அது. வடக்கே 1818இல் உட்ஃபோர்ட் காலத்திலேயே தொடங்கிய தாவரவியல் பூங்கா. பயணிகள் இந்த மாளிகைகளைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிரே இவ்வளவு வெளி இருப்பதால்தான் மாளிகை மாளிகையாகத் தெரிகிறது. மாலையில் திடலோரத்தில் இளநீரும் சோளச் சூப்பும் விற்பார்கள். நகரமெங்கும் கிடைக்கும் டபுள்ஸையும் தவறவிடாதீர்கள்: மெத்தென்ற இரண்டு பாராக்களுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வழித்தோன்றல்கள் உண்டாக்கிய தின்பண்டம் அது. அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து போயின. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில போயின.

பிரிட்ஜ்டவுனின் சவானாவுக்குப் பிறப்பு வேறு. பார்படோஸில் அதற்குக் காரிசன் சவானா என்று பெயர். பிரிட்டிஷ் படை அணிவகுத்த இடம். சுற்றிலும் படைக் கட்டடங்கள், பழைய இராணுவச் சிறையில் இயங்கும் அருங்காட்சியகம், 1751இல் இளைஞன் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து தங்கிய வீடு. 1845 முதல் குதிரைப் பந்தயம். நகரமும் காரிசனும் சேர்ந்து 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் அந்தத் திடலுக்குப் பொருள் தந்த இரவு 1966 நவம்பர் 30: ஆண்ட படை அணிவகுத்த அதே புல்லில் நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கியது, பார்படோஸின் கொடி ஏறியது.

மார்த்தினிக்கின் ஃபோர்-த-பிரான்ஸில் உள்ள லா சவான் இவற்றைவிடச் சிறியது. செயின்ட் லூயி கோட்டையின் நிழலில் கிடக்கிறது. எதிரே ஷோல்ஷர் நூலகம். திடலில் 1859இல் நெப்போலியனின் மனைவி ஜோசஃபினுக்குச் சிலை வைத்தார்கள். அவள் அந்தத் தீவில் தோட்ட முதலாளி வீட்டில் பிறந்தவள். 1802இல் அடிமைமுறை நீடிக்கச் சட்டம் வந்ததில் அவளுக்குப் பங்கு உண்டு என்று மக்கள் நம்பினார்கள். 1991இல் சிலையின் தலை போனது. பல ஆண்டுகள் தலையில்லாமலேயே நின்றது. 2020 ஜூலையில் சிலையையே கீழே தள்ளினார்கள். நமக்கும் இந்தத் தீவோடு உறவு உண்டு: 1853இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் சந்ததியும் அந்தத் தீவின் மக்களில் அடக்கம்.

வலுவான மறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. இந்தத் திடல்கள் ஆளுநரும் படைத்தலைவரும் தோட்ட முதலாளிகளும் போட்டவை; குதிரை ஓட்டியவர்களும் கூண்டு வண்டியில் வந்தவர்களும் அவர்கள்தான்; இதைப் பொது உரிமை என்பது மிகை என்று சொல்லலாம். தாயினோச் சொல் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதும் ஸ்பானியர் வழியாகத்தான். டிரினிடாடின் பழங்குடிகள் தாயினோ மொழி பேசியவர்களும் அல்லர். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தை யார் தந்தார் என்பதும் அதை யார் தமதாக்கினார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். கட்டடமாக இருந்திருந்தால் வாசலில் காவல் போட்டிருப்பார்கள். வெளியாக இருந்ததால் மாடு மேய்ப்பவரும் பந்தடிப்பவரும் உள்ளே வந்தார்கள். பிறகு கொடியும் ஸ்டீல்பேண்டும் வந்தன. சிலையை வீழ்த்தியவர்களும் அங்கேதான் கூடினார்கள். ஆரஞ்சு குரோவ் சவானாவில் அரசு விளையாட்டு வளாகம் கட்ட முற்பட்டபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றதும் இந்த உணர்வால்தான். டிரினிடாட்காரர் வாயில் சவானா என்பதற்கு ‘இதில் கட்டக் கூடாது’ என்ற பொருளும் ஏறியிருக்கிறது. எந்த அகராதியிலும் இந்தப் பொருள் இல்லை. சேர்க்கத் தகுந்தது என்பேன்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் போகிறவர்கள் வந்திறங்கிய நாளின் மாலையை இந்தத் திடலுக்கு ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்தபின் மேற்குக் கரையில் தொடங்கி முழுச் சுற்றும் நடந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். மழை குறைந்த மாதங்கள் ஜனவரி முதல் மே வரை. கார்னிவலுக்காகப் போவதென்றால் சனிக்கிழமைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்: திங்களும் செவ்வாயும் ஊர்வலம், பனோரமாவின் பெரும் இறுதிப்போட்டி சனி இரவு, சவானாவில்.