வாவியின் இரு கரைகளும் ஒரே வினாத்தாளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் திசையில், கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில், வயலும் காடுமாக விரிந்து செல்வது படுவான்கரை. 1814-ஆம் ஆண்டில் வெசுலியன் மிசனரியாகிய வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளி தொடங்கிய காலந்தொட்டு, பெயர்பெற்ற கல்லூரிகள் நகரையும் கடற்கரையையும் சார்ந்தே வளர்ந்தன. படுவான்கரைச் சிறுவனுக்கோ மேற்படிப்பு என்பது தோணித்துறைக்கு அப்பாலிருந்த பொருள். இவ்விரு கரைப் பிள்ளைகளையும் ஒரே கோலால் அளக்க முயன்ற பொதுப் பரீட்சைகளின் வரலாறு நாம் சிந்திக்கத் தக்கது.

இலங்கையில் அரசினர் கல்விப் பகுதி 1869-இல் நிறுவப்பெற்றது. அதன்பின், மாணாக்கர் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் காட்டும் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிகளுக்கு நன்கொடை வழங்கும் முறை வந்தது. பரிசோதகர் வரும் நாளே பள்ளியின் வருமானத்தை அறுதியிடும் நாளாயிற்று. பிள்ளையின் அறிவினும் பள்ளியின் வரவுசெலவே அங்கே நிறுக்கப்பட்டது எனலாம். 1880-இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் தொடங்கின. அவை ஆங்கிலப் பரீட்சைகளாதலின், கட்டணம் செலுத்தி ஆங்கிலம் கற்கக்கூடியோருக்கே அந்த வாயில் திறந்தது.

அவ்வாயிலினூடே சென்றவர்களுள் ஒருவர் காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனன். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் எனப் போற்றப்பெற்றவர் அவரே. மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920-இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. பரீட்சைகளால் உயர்ந்த அப்பெரியார், அவற்றைத் தம் உயர்வுக்கு மட்டும் ஏணியாகக் கொண்டு அமைந்துவிடவில்லை. 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அவரது முயற்சியாலேயாம். வாயிலைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது, அதனை அடைய வழியும் வேண்டும் என்பதை அவர் செயலே உணர்த்தியது.

அவ்வழியை நாடு முழுவதற்கும் அமைக்க முனைந்தவர் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 1943-இல் வெளிவந்தது. 1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் விடுதிகளுடன் மத்திய கல்லூரிகள் தோன்றின. ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து அங்கே சேர்ப்பதற்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை கருவியாயிற்று. மட்டக்களப்புப் பகுதிக்கு வந்தாறுமூலை மத்திய கல்லூரி கிடைத்தது. அதே வளாகத்தில் 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்து, 1986-இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது.

எனினும் ஒரே வினாத்தாள் ஒரே நீதியாகுமா என்னும் வினா ஓயவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டன. முன்னையது தமிழ் மாணாக்கருக்கு இழைக்கப்பட்ட அநீதியெனக் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னையது யாழ்ப்பாண மாணாக்கரின் வாய்ப்பைக் குறைத்தது. மட்டக்களப்புப் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கோ சில கதவுகளைத் திறந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த அவ்வேற்பாடு ஆறாத மனப்புண்ணை விட்டுச்சென்றது.

2014-இல் மண்முனைத் துறையில் பாலம் அமைந்தது. தோணிக்குக் காத்திருந்த துறையை இன்று சில நிமிடங்களிற் கடக்கலாம். ஆயினும் விஞ்ஞான ஆசிரியரும் நூலகமும் இரு கரைக்கும் ஒப்ப அமைந்தாலன்றிப் பரீட்சை தன் கடமையைச் செய்ததாகாது. பத்து வயதுப் பிள்ளை பெறும் புள்ளி, அப்பிள்ளையின் ஆற்றலை மட்டும் கூறுவதன்று. அதற்கு நாம் எதை வழங்கினோம் என்பதையும் கூறுவது. தாழ்ந்த புள்ளியைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், அதனை நமக்குரிய புள்ளியாகவும் எண்ணிப் பார்த்தல் பெரியோர் கடனாகும்.