கப்ரு இல்லாதவர்கள்



ஆகஸ்ட் மாதம் வந்தால் நமதூர்களில் ஷுஹதாக்களை நினைவுகூருகிறோம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள். ஒன்பது நாள் கழியுமுன் ஏறாவூர். இரண்டு ஊரிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதை நாங்கள் மறக்கவும் மாட்டோம், பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடவும் மாட்டோம்.

ஆனால் அதே ஆகஸ்டில் இன்னுமொரு திகதி இருக்கிறது. அதை எங்கள் மாணவர்கள் அறிய மாட்டார்கள்.

ஆகஸ்ட் 15. அருட்தந்தை யூஜின் ஹேபியர், வயது 66. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் படிப்பித்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர் என்றால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும். அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞர். ஏறாவூரைக் கடந்து வரும் பாதை அது. இருவரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. யாரும் தண்டிக்கப்படவுமில்லை.

மட்டக்களப்புக் கத்தோலிக்கர் சிறிய சமூகம். அவர்களுக்கு அது முதல் இழப்பும் அல்ல, கடைசி இழப்பும் அல்ல. 1988 ஜூன் 6இல் பிரஜைகள் குழுத் தலைவர் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார்.

அந்த நாட்களில் எங்கள் மக்கள் துக்கத்திலும் பயத்திலும் இருந்தார்கள். உண்மைதான். பழிக்குப் பழி என்று அப்பாவித் தமிழர்கள் கொல்லப்பட்டதும் உண்மைதான். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கினால் அது வரலாறு ஆகாது.

1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்ட எங்கள் ஆட்களின் ஜனாஸாக்கள் இன்னும் வீடு வரவில்லை. ஹஜ் முடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பாதையில் ஒருவர் மறைந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று மற்றவர்களை விட எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறோம்: எங்கள் கப்ருகளைத் தேடும் நாங்கள், அந்தப் பாதரின் கல்லறை எங்கே என்றும் கேட்க வேண்டாமா?

வயதானவர்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், மௌத்தாகுமுன் சொல்லிவிட்டுப் போகட்டும். அதுவும் ஓர் அமானிதம்தான்.